எல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுதா? கை, கால் நல்லா இருந்தாலும் அது பக்கவாதமாக இருக்கலாம்! | விளக்கம்

காலையில் எழுந்து பல் தேய்க்க வாஷ்பேசின் முன்னால் நிற்கிறீர்கள். கண்ணாடியில் முகம் இரண்டு. குழாயும் இரண்டு. கை நீட்டினால் எந்தக் குழாய் நிஜம் என்றே தெரியவில்லை. ஆனால் வாய் கோணவில்லை. கை, கால் வேலை செய்கிறது. பேச்சும் தெளிவாகத்தான் இருக்கிறது.

"ராத்திரி தூக்கம் சரியில்ல", "பித்தம் ஏறியிருக்கும்", "கண்ணாடி பவர் மாறிடுச்சு போல" என்று வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். யாரும் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. பக்கவாதம், அதாவது ஸ்ட்ரோக்.

என் பெரியப்பாவுக்கு இதுதான் நடந்தது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ளவர். ஒரு சனிக்கிழமை காலையில் எல்லாம் இரட்டையாகத் தெரிந்ததும், ஒரு கண்ணை மூடிக்கொண்டே டிவிஎஸ் 50-ஐ ஓட்டிக்கொண்டு கண்ணாடிக் கடைக்குப் போனார். "பவர் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்றார்கள். திரும்பி வரும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் கண் சொட்டு மருந்து வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் படுத்தே கிடந்தார். திங்கட்கிழமை எழுந்து நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் மூளைத்தண்டில் சின்னதாக ஒரு பாதிப்பு. ரத்த ஓட்டம் தடைபட்டதால் வந்தது. கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை.

அந்த இரண்டு நாள் ஏன் வீணாகப் போனது? மூளையில் அடிபட்டால் கண் ஏன் தடம் மாறுகிறது? பார்க்கலாம்.

பெயரே நம்மை ஏமாற்றுகிறதா?

உடம்பின் ஒரு பக்கம் செயலிழப்பதைப் பார்த்து வைத்த பெயர்தான் 'பக்கவாதம்'. 'ஒரு பக்கம் இழுத்துக்கிச்சு', 'கை கால் விழுந்துடுச்சு' என்று ஊர்ப்பக்கம் சொல்வதும் அதைத்தான். (தமிழ் படித்த தோஷம், பெயரைப் பிரித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.) பெயரில் தப்பில்லை, பெரும்பாலும் அப்படித்தான் வருகிறது. சிக்கல் என்னவென்றால், கை கால் நன்றாக இருந்தால் 'அப்போ இது அது இல்ல' என்று நாமே தீர்ப்பு சொல்லிவிடுகிறோம்.

மூளைக்கு ரத்தம் இரண்டு வழியில் போகிறது. கழுத்தின் முன்பக்கமாக ஏறும் கரோட்டிட் தமனிகள் ஒரு வழி. கழுத்து எலும்புகளில் உள்ள துளைகள் வழியாகப் பின்பக்கம் ஏறும் வெர்டிப்ரல் தமனிகள் இன்னொரு வழி. பின்பக்கமாக ஏறும் இந்த இரண்டும் மண்டைக்குள் போய் ஒன்றாகச் சேர்ந்து பேசிலர் தமனி ஆகின்றன. மூளைத்தண்டு, சிறுமூளை, பெருமூளையின் பின்பகுதி ஆகியவற்றுக்கு இந்தப் பின்பக்க வழியில்தான் சப்ளை. அடைப்பால் வரும் பக்கவாதங்களில் சுமார் ஐந்தில் ஒன்று இந்தப் பின்பக்க ஏரியாவில் வருகிறது. கண்ணை அசைக்கும் கன்ட்ரோல் ரூமும் அங்கேதான் இருக்கிறது.

பக்கவாதத்தைக் கண்டுபிடிக்க 'ஃபாஸ்ட்' என்று ஒரு சூத்திரம் சொல்வார்கள். முகம் கோணுதா, கை தொங்குதா, பேச்சு குழறுதா, அப்படியென்றால் நேரத்தை வீணாக்காதே என்பது அதன் பொருள். நல்ல சூத்திரம்தான். ஆனால் 2017-ல் அமெரிக்காவின் கென்டக்கியில் 736 பக்கவாத நோயாளிகளின் பதிவுகளை மருத்துவர்கள் எடுத்துப் பார்த்தபோது, சுமார் 14 சதவீதம் பேருக்கு இந்த மூன்று அறிகுறிகளில் ஒன்றுகூட இருக்கவில்லை. முகம், கை, பேச்சு மூன்றும் பாஸ்! ஆனாலும் பக்கவாதம். தடுமாற்றம், கண் என்ற இரண்டையும் பட்டியலில் சேர்த்ததும் தவறவிடப்படுபவர்களின் அளவு 4.4 சதவீதமாகக் குறைந்தது. இப்போது பல இடங்களில் 'பி-ஃபாஸ்ட்' என்று சொல்கிறார்கள். 'பி' என்பது பேலன்ஸ், அடுத்து வரும் 'ஈ' என்பது ஐஸ், அதாவது கண்.

கண்ணைத் திருப்புவது யார்?

எங்கள் சேனல் ஸ்டுடியோவை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு கேமரா. இரண்டு கேமராமேன்களும் ஹெட்போன் மாட்டியிருப்பார்கள். கன்ட்ரோல் ரூமில் இருந்து "ரெண்டு பேரும் லெஃப்ட் போங்க" என்று குரல் வந்தால் இரண்டு கேமராவும் ஒரே நேரத்தில், ஒரே அளவு திரும்ப வேண்டும். ஒன்று திரும்பி இன்னொன்று நின்றுவிட்டால் ஷாட் காலி.

நம் கண்களும் இப்படித்தான். ஒவ்வொரு கண்ணையும் ஆறு தசைகள் இழுக்கின்றன. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 12. இந்தத் தசைகளுக்கு மூளையில் இருந்து கட்டளை கொண்டுவருவது மூன்று ஜோடி நரம்புகள். 12 ஜோடி கபால நரம்புகள் என்று பள்ளியில் படித்திருப்போமே, அதில் மூன்றாவது, நான்காவது, ஆறாவது. இந்த மூன்றும் கிளம்பும் இடம் மூளைத்தண்டு. மேலே நடுமூளை, நடுவில் பான்ஸ், கீழே முகுளம் என்று மூன்று அடுக்காக இருக்கும் மூளைத்தண்டு, மொத்தத்தில் கட்டைவிரல் பருமன் அளவுதான். கண்ணின் வயரிங், மூச்சு, விழுங்குவது, நினைவோடு விழித்திருப்பது, கை காலுக்குப் போகும் பாதை எல்லாம் அதற்குள்ளேயே நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

அதனால்தான் மூளையின் வேறு இடத்தில் வந்திருந்தால் தெரியாமலேயே போயிருக்கக்கூடிய சில மில்லிமீட்டர் பாதிப்பு, இங்கே வந்தால் கண்ணைத் தடம் மாற்றிவிடுகிறது. கேமரா இரண்டும் புதுசு மாதிரி இருக்கும். கண் டாக்டர் லென்ஸ், விழித்திரை எல்லாவற்றையும் பார்த்து 'நார்மல்' என்று எழுதிக் கொடுக்கலாம். பழுது கன்ட்ரோல் ரூமில்.

இரண்டு கண்ணும் ஒரே புள்ளியைப் பார்க்கும்வரை மூளை இரண்டு படத்தையும் ஒட்டி ஒரே படமாக்கிக் காட்டும். ஒரு கண் கொஞ்சம் விலகினாலும் படங்கள் ஒட்டாது. அதைத்தான் 'ரெண்டு ரெண்டா தெரியுது' என்கிறோம்.

எந்த வயர் அறுந்தால் என்ன ஆகும்?

ஆறாவது நரம்பு கண்ணை வெளிப்பக்கம், அதாவது காது இருக்கும் பக்கம் இழுப்பது. அது வேலை செய்யாவிட்டால் அந்தக் கண் மூக்குப் பக்கம் ஒதுங்கிவிடும். பொருட்கள் பக்கவாட்டில் இரண்டாகத் தெரியும். தூரத்தில் வரும் பஸ் இரண்டாகவும், கையில் இருக்கும் செல்போன் ஓரளவு ஒன்றாகவும் தெரிவது இதில் சகஜம்.

நான்காவது நரம்பு போனால் படங்கள் மேலும் கீழுமாக, கொஞ்சம் சாய்ந்து தெரியும். மாடிப்படி இறங்கும்போது, குனிந்து படிக்கும்போது அதிகமாகும். அதைச் சமாளிக்க அவர்களை அறியாமலேயே தலையை ஒரு பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வார்கள்.

மூன்றாவது நரம்புதான் பெரிய முதலாளி. மேலே, கீழே, உள்பக்கம் என்று நான்கு தசைகள் அதன் கையில். கண் இமையைத் தூக்குவதும் கண்மணியைச் சுருக்குவதும் அதுதான். இது போனால் இமை தொங்கிவிடும். தூக்கிப் பார்த்தால் கண் வெளிப்பக்கமாகவும் கீழாகவும் ஒதுங்கி நிற்கும். இமை தொங்கி, கண்மணி பெரிதாகி, கூடவே பயங்கரத் தலைவலியும் இருந்தால் அது மூளை ரத்தக்குழாய் பலூன் போல வீங்கி நரம்பை அழுத்துவதாக இருக்கலாம். வெடித்தால் உயிருக்கே ஆபத்து, ஒரு நிமிடம்கூடத் தள்ளிப்போடக் கூடாத நிலை.

சர்க்கரை நோயாளிகளுக்கு மூளை பாதிக்கப்படாமலேயே, இந்த நரம்புகளுக்குப் போகும் பொடி ரத்தக்குழாய் அடைபட்டு இதே மாதிரி இரட்டைப் பார்வை வரலாம். பெரும்பாலும் மூன்று மாதம் போல அதுவே சரியாகிவிடும். அதனால்தான் "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் வந்துச்சு, தானா போயிடுச்சு" என்று சொல்ல ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இது எது, அது எது என்று வீட்டில் உட்கார்ந்து பிரிக்க முடியாது.

இன்னொரு வகை இருக்கிறது, அதுதான் ஸ்டுடியோ உதாரணத்துக்கு அச்சாகப் பொருந்துவது. நீங்கள் இடது பக்கம் பார்க்க இடது கண் வெளியே போக வேண்டும், வலது கண் மூக்குப் பக்கம் வர வேண்டும். இரண்டையும் சேர்த்துவைக்க பான்ஸில் இருந்து நடுமூளைக்கு ஒரு மெல்லிய நரம்புக் கற்றை ஓடுகிறது. இரண்டு கேமராமேன்களுக்கு நடுவே ஓடும் ஹெட்போன் வயர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மட்டும் அறுந்தால்? ஒரு கண் திரும்பும், இன்னொன்று நடுவிலேயே நிற்கும். திரும்பிய கண்ணும் நிலையாக நிற்காமல் வெட்டி வெட்டி ஆடும். வயதானவர்களுக்கு இது திடீரென வந்தால் முதல் சந்தேகம் பக்கவாதம். இளம் வயதினருக்கு என்றால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற வேறு நரம்பு நோயையும் தேடுவார்கள்.

நடுமூளையின் மேல்பகுதி பாதிக்கப்பட்டால் கண்ணை மேலே தூக்கிப் பார்க்க முடியாது. மின்விசிறியைப் பார்க்க வேண்டுமென்றால் மொத்தத் தலையையும் அண்ணாந்தால்தான் உண்டு.

மருத்துவத்திலும் ஒரு 'ஒன்றரை'!

மாறுகண் உள்ளவர்களை 'ஒன்றரைக் கண்' என்று கிண்டல் செய்யும் கெட்ட பழக்கம் நம் ஊரில் உண்டு. மருத்துவத்தில் நிஜமாகவே 'ஒன் அண்ட் எ ஹாஃப் சிண்ட்ரோம்' என்று ஒன்று இருக்கிறது என்று படித்தபோது எனக்கே ஆச்சரியம். 1967-ல் இந்தப் பெயரை வைத்தவர் மில்லர் ஃபிஷர். கனடாவில் பிறந்து அமெரிக்காவின் பாஸ்டனில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர், பக்கவாத ஆராய்ச்சியில் பெரிய பெயர்.

அது என்ன ஒன்றரை? இடது பக்கம் பார்ப்பதை ஒன்று என்று வையுங்கள், வலது பக்கம் பார்ப்பதை இன்னொன்று. மொத்தம் இரண்டு. பான்ஸின் ஒரு பக்கத்தில், பார்வையைத் திருப்பும் மையமும் மேலே சொன்ன ஹெட்போன் வயரும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே அடைப்பில் இரண்டும் போய்விட்டால், ஒரு பக்கம் பார்ப்பது முழுசாகப் போச்சு. அது ஒன்று. மறுபக்கம் பார்க்கும்போது ஒரு கண் மட்டும்தான் போகும், இன்னொரு கண் போகாது. அது அரை. ஆக, இரண்டில் ஒன்றரை காலி. ஒரு கண் வெளிப்பக்கம் போவது மட்டும்தான் மிச்சம். இதைப் பார்த்த உடனேயே, ஸ்கேன் எடுக்கும் முன்பே, பாதிப்பு பான்ஸில் எந்தப் பக்கம் என்று நரம்பியல் மருத்துவர் சொல்லிவிடலாம்.

கண் திசை காட்டும் இன்னொரு விஷயமும் உண்டு. பெருமூளையில் பெரிய அடைப்பு வந்தால் இரண்டு கண்ணும் சேர்ந்து ஒரே பக்கமாகத் திரும்பி நிற்கும். நெற்றிப் பக்கத்து மூளையில் பார்வையைத் திருப்பும் ஒரு மையம் இரண்டு பக்கமும் இருக்கிறது. வலது மையம் கண்களை இடது பக்கம் தள்ளும், இடது மையம் வலது பக்கம் தள்ளும். இருவரும் சமமாகத் தள்ளினால் கண் நடுவில். ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் தள்ளுவதே ஜெயிக்கும். விளைவு, பாதிக்கப்பட்ட மூளைப் பக்கத்தையே கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும், செயலிழந்த கை காலுக்கு எதிர்ப்பக்கம். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் லூயி பிரேவோ என்ற மருத்துவர் 1868-லேயே இதை விரிவாக எழுதியிருக்கிறார். சி.டி. ஸ்கேன் வருவதற்கு நூறு வருடம் முன்னாடி! பான்ஸில் பாதிப்பு என்றால் இதற்கு நேர் தலைகீழ். கண்கள் செயலிழந்த பக்கத்தைப் பார்க்கும். வலிப்பு வந்தாலும் கண் ஒரு பக்கம் இழுக்கும் என்பதால், கண் எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று வீட்டில் இருப்பவர்கள் சொல்லும் தகவல் டாக்டருக்கு ரொம்ப உதவும்.

தலைசுற்றல்: இங்கேதான் அதிகம் கோட்டை விடுகிறோம்

சிறுமூளையிலோ முகுளத்திலோ பக்கவாதம் வந்தால் கண் தானாக ஆட ஆரம்பிக்கும். மெதுவாக ஒரு பக்கம் வழுக்கி, வெடுக்கென்று திரும்பி வரும். மறுபடி வழுக்கும், மறுபடி வெடுக். 'நிஸ்டாக்மஸ்' என்பது இதன் பெயர். பார்க்கிறவருக்கு உலகமே சுற்றும் அல்லது குலுங்கும். வாந்தி வரும், நிற்க முடியாது.

இமை துடிப்பது வேறு, இது வேறு. 'வலது கண் துடிக்குது, என்ன பலன்' என்று தேடுகிறோமே, அது இமைத் தசை துடிப்பது. தூக்கமின்மை, டென்ஷன், காபி என்று காரணம் பெரும்பாலும் சாதாரணம். இங்கே ஆடுவது கருவிழி.

சிக்கல் என்னவென்றால், உள்காதில் வரும் சாதாரணப் பிரச்சினையிலும் இதே மாதிரி கண் ஆடும், தலை சுற்றும், வாந்தி வரும். அதனால் தலைசுற்றலுக்கு ஒரு மாத்திரை, வாந்திக்கு ஒரு ஊசி, 'ரெஸ்ட் எடுங்க'வோடு முடிந்துவிடுவது உண்டு. இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பெரிய மெஷின் வேண்டாம், கண்ணைப் பார்க்கத் தெரிந்த ஒரு டாக்டர் போதும். 'ஹின்ட்ஸ்' என்ற அந்தப் பரிசோதனையை 2009-ல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டார்கள்.

மூன்று விஷயம் பார்ப்பார்கள். ஒன்று, நோயாளியை டாக்டரின் மூக்கையே பார்க்கச் சொல்லி, தலையைச் சட்டென்று கொஞ்சம் திருப்புவார்கள். காது நரம்பில் பிரச்சினை என்றால் கண் மூக்கை விட்டு நழுவி, ஒரு தாவு தாவித் திரும்பி வரும். கண் நழுவாமல் நார்மலாக நின்றால்? தலை இவ்வளவு சுற்றும்போது இது நார்மலாக இருப்பதுதான் கெட்ட செய்தி. காது நன்றாக இருக்கிறது, பிரச்சினை மூளையில் என்று அர்த்தம். இரண்டு, கண் ஆடும் திசை. இடது பார்த்தால் இடது பக்கமும் வலது பார்த்தால் வலது பக்கமும் என்று திசை மாறி ஆடினால் மூளைப் பாதிப்பு. மூன்று, ஒரு கண் இன்னொன்றைவிட மேலே ஏறி நிற்கிறதா என்பது.

அந்த ஆய்வில் இருந்த 101 பேரில், பக்கவாதம் வந்த அத்தனை பேரையும் இந்தப் பரிசோதனை பிடித்துவிட்டது. ஆனால் முதல் 48 மணி நேரத்துக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ. சிலரைத் தவறவிட்டது, அளவு 12 சதவீதம். 'ஸ்கேன் நார்மல்' என்றதும் நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பும் நமக்கு இது கொஞ்சம் அதிர்ச்சியான எண்தான். ஒரு எச்சரிக்கை: இது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது. யூடியூப் பார்த்துவிட்டு வீட்டில் யார் தலையையும் திருப்பாதீங்க. கழுத்து ரத்தக்குழாயே கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு.

உடம்பு அசையவில்லை, கண் மட்டும் பேசியது

1995 டிசம்பர் 8. பிரான்சின் புகழ்பெற்ற 'எல்' பத்திரிகையின் ஆசிரியர் ழான் டொமினிக் போபிக்கு 43 வயதில் மூளைத்தண்டில் பக்கவாதம். சில வாரங்கள் கழித்து நினைவு திரும்பியபோது அவரால் கை, கால், வாய் எதையும் அசைக்க முடியவில்லை. வலது கண் மூட முடியாமல் வறண்டுபோனதால் அதைத் தைத்து மூடினார்கள். மிச்சம் இருந்தது இடது கண் மட்டும். யோசனை, நினைவாற்றல், நகைச்சுவை எல்லாம் அப்படியே இருந்தன. எழுத்துகளை ஒருவர் வரிசையாகச் சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்து வரும்போது கண் சிமிட்டுவார். அப்படியே ஒரு முழுப் புத்தகத்தைச் சொல்லி முடித்தார். 1997 மார்ச்சில் அது வெளிவந்த சில நாட்களில் இறந்துபோனார். 2007-ல் 'தி டைவிங் பெல் அண்ட் தி பட்டர்ஃப்ளை' என்ற சினிமாவாகவும் வந்தது.

இந்த நிலைக்கு 'லாக்டு இன்' என்று பெயர், 1966-ல் இருந்து வழக்கில் இருக்கிறது. உள்ளே பூட்டப்பட்டவர் என்று சொல்லலாம். பான்ஸின் முன்பகுதி சேதமானால் கை காலுக்குப் போகும் பாதை துண்டாகும், கண்ணைப் பக்கவாட்டில் திருப்புவதும் போய்விடும். ஆனால் கண்ணை மேலும் கீழும் அசைக்கும் மையம் ஒரு அடுக்கு மேலே, நடுமூளையில் இருக்கிறது. அது தப்பிவிடும்.

இதன் நடைமுறை அர்த்தம் பெரியது. ஐ.சி.யு.வில் அசைவில்லாமல் கிடப்பவரை 'கோமா' என்று எழுதுவதற்கு முன், "கேட்குதா? மேலே பாருங்க, கீழே பாருங்க" என்று ஒரு தடவை சொல்லிப் பார்க்க வேண்டும். வலது இடது பார்க்கச் சொன்னால் பதில் வராது, ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் பார்ப்பார். பக்கத்தில் நின்று நாம் பேசிக்கொள்வதை எல்லாம் அவர் கேட்டுக்கொண்டிருக்கலாம். இந்த ஒரு பாராவைத்தான் எழுதிவிட்டு கொஞ்ச நேரம் டெஸ்க்கை விட்டு எழுந்து போனேன்.

வீட்டில் என்ன பார்க்கலாம்?

இரட்டையாகத் தெரிந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் ஒன்றாகத் தெரிகிறது, இரண்டையும் திறந்தால் மட்டும் இரண்டாகத் தெரிகிறது என்றால் இரண்டு கண்ணுக்கும் இடையே கூட்டணி முறிந்துவிட்டது. நரம்பு, தசை அல்லது மூளை, இதில் ஏதோ ஒன்று. ஒரு கண்ணை மூடிய பிறகும், திறந்திருக்கும் ஒற்றைக் கண்ணில் இரண்டாகவே தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணில்தான் பிரச்சினை. கண்புரை, வறட்சி, பவர் கோளாறு என்று ஏதாவது இருக்கலாம். அதற்குக் கண் டாக்டர் சரி.

முதல் வகை திடீரென வந்திருந்தால், அதுவும் தலைசுற்றல், நடக்கும்போது சாய்வது, முகம் மரத்துப்போவது, விழுங்கச் சிரமம், குரல் மாறுவது, விடாத விக்கல் இதில் ஏதாவது கூட இருந்தால் யோசிக்கவே வேண்டாம். 108. பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போவதும் வேண்டாம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாலும் போக வேண்டும். பெரிய பக்கவாதத்துக்கு முன் வரும் முன்னோட்டமாக அது இருக்கலாம்.

"ஆஸ்பிரின் கொடுத்தா நல்லதாமே?" என்று கேட்பார்கள். கொடுக்காதீங்க. அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. கசிவு என்றால் ஆஸ்பிரின் நிலைமையை மோசமாக்கும். விழுங்குவதே பாதிக்கப்பட்டிருந்தால் தண்ணீர்கூட நுரையீரலுக்குள் போய்விடும்.

ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி

"கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" இதுதான் முதல் கேள்வியாக இருக்கும். எழுந்திருக்கும்போதே அறிகுறி இருந்தது என்றால், எழுந்த நேரம் கணக்கில்லை. ராத்திரி படுக்கப் போகும்போது நன்றாக இருந்தாரே, அந்த நேரம்தான் கணக்கு. கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பதால் இந்தப் பதில் ரொம்ப முக்கியம்.

பெரிய ரத்தக்குழாய் அடைபட்டிருந்தால் தொடை அல்லது மணிக்கட்டு வழியாகக் கம்பி போன்ற மெல்லிய குழாயை அனுப்பி, கட்டியை இழுத்து எடுக்கும் சிகிச்சையும் இருக்கிறது. பேசிலர் தமனியில் இது பலன் தருமா என்று நீண்ட நாள் சந்தேகம் இருந்தது. 2022-ல் சீனாவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள் பலன் உண்டு என்று காட்டின. அதில் ஒன்றில் 6 மணி முதல் 24 மணி நேரம் வரை ஆனவர்களைச் சேர்த்திருந்தார்கள். எல்லோருக்கும் பொருந்தாது, யாருக்குச் செய்யலாம் என்று ஸ்கேன் பார்த்து முடிவெடுப்பார்கள். முதலில் எடுக்கும் சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவை நன்றாகக் காட்டும், ஆனால் மூளைத்தண்டைச் சுற்றி கெட்டியான எலும்பு இருப்பதால் அங்கே உள்ள சின்ன அடைப்பு அதில் சரியாகத் தெரியாது. "சி.டி. நார்மல், ஆனா எம்.ஆர்.ஐ. வேணும்" என்று டாக்டர் சொன்னால் பில்லை ஏற்றுகிறார் என்று உடனே நினைக்க வேண்டாம்.

கண் பழையபடி ஆகுமா?

பலருக்கு ஆகும். முதல் சில வாரம், சில மாதங்களில் மூளை நிறையவே சரிசெய்துகொள்ளும். சிலருக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால் இதைச் சரியாகப் பார்ப்பதே குறைவு. கை காலுக்கு பிசியோதெரபி என்று எல்லோரும் கேட்கிறோம், கண்ணைப் பற்றி யாரும் கேட்பதில்லை. 2019-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கவாத நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். கண் பரிசோதனை செய்யப்பட்டவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்குக் கண் அசைவில் கோளாறு இருந்தது. 'புக் படிக்கவே பிடிக்கல', 'டிவி பார்த்தா தலை வலிக்குது' என்று சொல்லும் நோயாளிக்கு மனச்சோர்வு என்று நினைத்துக்கொண்டிருப்போம், நிஜத்தில் எழுத்து இரண்டாகத் தெரிந்துகொண்டிருக்கும்.

உடனடி நிவாரணம் ரொம்ப எளிது: ஒரு கண்ணை மூடுவது. மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கத்தில் டேப் ஒட்டினாலே போதும். பெரியவர்களுக்கு இப்படி மூடிவைப்பதால் அந்தக் கண்ணின் பார்வை போய்விடாது. ஆனால் ஒற்றைக் கண்ணில் ஆழம் சரியாகத் தெரியாது. டம்ளரில் காபி ஊற்றினால் வெளியே போகும், படியில் கால் தடுமாறும். படி ஓரத்தில் பளிச்சென்று கலர் டேப் ஒட்டிவைப்பது உதவும். வண்டி ஓட்டுவது டாக்டர் சொல்லும்வரை கூடாது.

அடுத்தது பிரிசம். மெல்லிய பிளாஸ்டிக் ஷீட்டாக இருக்கும், மூக்குக்கண்ணாடியின் மேல் ஒட்டிவிடுவார்கள். வரிவரியாக வெட்டப்பட்டிருக்கும் அது ஒளியை வளைத்து, விலகிப்போன படத்தைப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். கலங்கரை விளக்கத்தின் லென்ஸை வடிவமைத்த ஃபிரெனெல் பெயரில்தான் இதுவும் இருக்கிறது. கண் தேறத் தேற ஷீட்டை மாற்றிக்கொள்ளலாம். கண் ஆடிக்கொண்டே இருப்பவர்களுக்குச் சில மருந்துகள் ஆட்டத்தைக் குறைக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று பார்த்தும் மாற்றமே இல்லாமல் நின்றுவிட்டால் கண் தசையில் சின்ன அறுவை சிகிச்சை செய்து நேராக்கலாம். அவசரப்பட்டு முதல் மாதமே செய்ய மாட்டார்கள், ஏனென்றால் கண் தானாகவே இன்னும் நகர்ந்து வரலாம்.

எல்லா இரட்டைப் பார்வையும் பக்கவாதம் இல்லை. தைராய்டு, தசைச்சோர்வு நோய், அடிபட்டது, மூளையில் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. எதுவாக இருந்தாலும் திடீரென வந்தால் அன்றே பார்க்க வேண்டிய விஷயம்தான்.

பெரியப்பாவுக்கு நேர்ப் பார்வை நான்கு மாதத்தில் ஒன்றாகிவிட்டது. இடது பக்க ஓரத்தில் பார்த்தால் மட்டும் இன்னமும் இரண்டாகத் தெரிகிறதாம், அதற்காகத் தலையையே திருப்பிப் பார்க்கப் பழகிவிட்டார். பிரஷர் மாத்திரையைச் சாப்பாட்டு டேபிளிலேயே வைத்திருக்கிறார். டிவிஎஸ் 50 சாவி இப்போது பெரியம்மாவிடம் இருக்கிறது.